அன்னமும் சந்ததியும்: குடல் ஹார்மோன்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

குழந்தைப்பேறு தாமதமாகும்போது குற்றம் முழுவதையும் பெண்ணின் கர்ப்பப்பையின்மேல் ஏற்றிவிடுவது நெடுங்காலமாக ஊறிப்போன வழக்கம். அவள் பருத்த உடம்பு உடையவளாகவோ நீரிழிவு உடையவளாகவோ இருந்துவிட்டால், வாயைக் கட்டத் தெரியாதவள், உடம்பை வணக்காதவள் என்ற பழிச்சொற்களும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. வைத்தியமும் வெகுகாலம் இந்தப் போக்கிற்கு இசைந்தே நடந்தது. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் ஒருவர் பரிசோதிப்பார். சர்க்கரையை இன்னொருவர் கவனிப்பார். எடையைக் குறைத்துக்கொண்டு வா என்ற புத்திமதியை இருவருமே சொல்லி அனுப்புவார்கள். ஆனால் சென்ற முப்பது ஆண்டுகளின் உடலியல் ஆராய்ச்சி, இவ்விரு துறைகளுக்கும் நடுவே எவரும் அதிகம் எண்ணிப்பாராத ஓர் உறுப்பை, அதாவது குடலை, முன்னே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இரைப்பையும் குடலும் உண்டதைச் செரிப்பதோடு நின்றுவிடாமல், உண்டது எவ்வளவு, எத்தகையது என்பதை இரத்தத்தின் வழியாக மூளைக்கும் கணையத்துக்கும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன என்பதும், உடற்பருமனிலும் நீரிழிவிலும் அந்த அறிவிப்பே திரிந்துவிடுகிறது என்பதும், அந்தத் திரிபு பெண்ணின் கருவளத்தைக் குன்றச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

குடலின் தூதுவர்கள்

ஹார்மோன் என்ற கொள்கையே குடலிலிருந்து பிறந்தது என்று சொல்வது மிகையன்று. 1902இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள், நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியின் நரம்புத் தொடர்புகளை அறுத்துவிட்டு அதனுள்ளே அமிலத்தைச் செலுத்தியபோதும் கணையம் தன் நீரைச் சுரந்ததைக் கண்டு, நரம்பின் துணையில்லாமல் இரத்தமே அந்தச் செய்தியைச் சுமந்து சென்றிருக்க வேண்டும் என்று துணிந்து, குடற்சுவரிலிருந்து வந்த அப்பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் வழங்கியது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905இல்தான்.

பிறகு அறுபதாண்டு சென்று, 1964இல், மற்றோர் ஆச்சரியம் வெளிப்பட்டது. ஒருவருக்குக் குளுக்கோஸை இரத்தக் குழாயில் ஏற்றுவதைக் காட்டிலும் வாய்வழியாகக் கொடுத்தால் கணையம் மிக அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது என்பதே அது. சர்க்கரை இரத்தத்தை அடைவதற்கு முன்பே குடல் கணையத்துக்கு ஆயத்தமாகும்படி சொல்லிவிடுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. ஆரோக்கியமான ஒருவர் உண்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்தக் குடற்செய்தியால் விளைவதென்று பின்னால் நிரூபணமாயிற்று. இன்கிரெட்டின்கள் எனப்படும் இத்தூதுவர்கள் இருவர்: சிறுகுடலின் மேற்பகுதியிலுள்ள கே செல்கள் சுரக்கும் ஜி.ஐ.பி. ஒருவர், பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியிலுள்ள எல் செல்கள் சுரக்கும் ஜி.எல்.பி.-1 மற்றவர். முன்னதை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜான் பிரௌனும் விக்டர் மட்டும் பிரித்தெடுத்தார்கள். பின்னதன் இயல்பை ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மோய்சோவ், டென்மார்க்கின் ஜென்ஸ் ஹோல்ஸ்ட் முதலியோர் 1980களில் வெளிக்கொணர்ந்தார்கள். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையிலிருந்து 28 அமினோ அமிலங்களால் ஆன கிரெலினைக் கண்டெடுத்தனர்; பசியைத் தூண்டும் இந்த ஹார்மோன் வெறும் வயிற்றில் உயர்ந்து, உண்டவுடன் தாழ்வது. அதற்கு நேர்மாறாக, எல் செல்களே சுரக்கும் பி.ஒய்.ஒய். என்ற இன்னொன்று உண்ட பின் உயர்ந்து போதும் என்ற உணர்ச்சியைத் தருகிறது என்பது 2002இல் லண்டனில் நடந்த பரிசோதனைகளால் தெளிவாயிற்று.

கருப்பையும் களஞ்சியமும்

இவை யாவும் பசியையும் சர்க்கரையையும் பற்றிய விஷயங்களாயிற்றே, தாய்மைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு கர்ப்பத்தைச் சுமந்து முடிப்பதற்கு, தாயின் அன்றாடத் தேவைக்கு மேலாகச் சுமார் 77,000 கிலோகலோரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கணக்கிட்டிருக்கின்றன. பாலூட்டும் மாதங்களின் செலவு அதற்கும் மேலானது. இத்தனை பெரிய பொறுப்பை ஏற்குமுன், குதிரில் நெல் இருக்கிறதா என்று பார்த்த பின்பே கலியாணத்துக்கு நாள் குறிக்கும் குடும்பத்தலைவனைப் போல, பெண்ணின் சரீரம் தன் உணவு நிலையை ஆராய்ந்து பார்க்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வீழ்ந்தபோது, பல பெண்களுக்கு மாதவிடாயே நின்றுபோயிற்று. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.

உணவு நிலையைப் பற்றிய அந்த ஆராய்ச்சியைச் சரீரம் நடத்தும் இடம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்கே உள்ள மிகச் சொற்பமான நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கின்றன. அத்துடிப்புக்கு ஏற்பப் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டையும் இரத்தத்தில் சேர்க்கிறது. அவ்விரண்டின் ஏவலால் சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. துடிப்பே இங்கு முக்கியம் என்பதைப் பிட்ஸ்பர்க்கில் எர்னஸ்ட் நோபிலின் குழுவினர் 1978இல் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு நிலைநாட்டினார்கள். மணிக்கு ஒரு தடவை ஜி.என்.ஆர்.எச். கொடுத்தபோது உயிர்பெற்ற சுரப்பி, அதே பொருளை இடைவிடாமல் ஏற்றியபோது அடங்கிவிட்டது. இந்தத் துடிப்பைத் தூண்டும் கிஸ்பெப்டின் என்ற பெப்டைடின் ஏற்பியில், அதாவது அதன் செய்தியைச் செல் வாங்கிக்கொள்ளும் புரதத்தில், பிறவிக்குறை உள்ளவர்கள் பருவமே எய்துவதில்லை என்பது 2003இல் வெளிப்பட்டது.

சரீரத்தின் சேமிப்பைப் பற்றிய செய்தி மூளைக்கு எவ்வாறு செல்கிறது என்பதற்கு முதல் விடை கொழுப்புத் திசுவிலிருந்தே கிடைத்தது. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் கண்டறிந்த லெப்டின் என்ற கொழுப்பு ஹார்மோனைப் பிறவியிலேயே பெறாத எலிகள் மிதமிஞ்சிப் பருத்தும் மலடாயும் இருந்தன. அவற்றுள் பெண் எலிகளுக்கு லெப்டினை ஊசியாக ஏற்றியபோது, 1996இல், அவை கருத்தரித்துக் குட்டி ஈன்றன. கொழுப்புத் திசு மாதக்கணக்கில் சேர்ந்த இருப்பைச் சொல்கிறதென்றால், அன்றைய வேளையின் வரவைச் சொல்வது குடல். இவ்விரு செய்திகளும் ஹைப்போதலாமஸில் ஒருங்கே வந்து சேர்கின்றன.

ஒவ்வொரு ஹார்மோனும் செய்வது

குடல் ஹார்மோன்களுள் கருவளத்துக்குத் தடைசெய்வது என்று தெளிவாகச் சொல்லத்தக்கது கிரெலின். பெண்களுக்கு அதை இரத்தத்தில் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில் எல்.எச். சுரப்பு தணிந்தது. பட்டினி கிடக்கும் காலத்தில் உடல் கருத்தரிப்பை ஒத்திப்போடுவதற்கு இது ஒரு கருவியாக இருத்தல் கூடும். ஜி.எல்.பி.-1இன் போக்கோ பெரும்பாலும் இதற்கு எதிரானது. முட்டை வெளிவரவிருக்கும் நிலையிலுள்ள பெண் எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது எல்.எச். அலை மேலும் உயர்ந்தது. முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கையும் பெருகியது. ஜி.ஐ.பி., ஜி.எல்.பி.-1 ஆகியவற்றின் ஏற்பிகளைப் பிறவியிலேயே நீக்கிவிட்ட எலிகளில் இனப்பெருக்கம் குன்றி, ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளும் குறைந்தன. எனினும் எலியில் கண்டதையெல்லாம் மனிதர்மேல் ஏற்றிவிடலாகாது: ஆரோக்கியமான ஆண்களுக்கு ஜி.எல்.பி.-1ஐ மணிக்கணக்கில் ஏற்றியும் எல்.எச். துடிப்பில் மாறுதல் எதுவும் காணப்படவில்லை. ஆதலால் மனிதரில் குடலின் ஆணை மூளைக்கு நேராகச் செல்வதைக் காட்டிலும், இன்சுலின் வழியாகவும் எடை வழியாகவும் சுற்றிச் செல்வதே அதிகம் என்று கொள்வது நிதானமான முடிபு.

இந்தச் சுற்றுவழியின் முக்கியத்துவத்தை அறிய இன்சுலினுக்கும் சினைப்பைக்கும் உள்ள உறவை அறிய வேண்டும். சர்க்கரையை ஆள்வதே இன்சுலினின் தொழில் என்று நாம் எண்ணியிருக்க, சினைப்பையும் அதன் குரலுக்குச் செவிசாய்க்கிறது. எல்.எச். உடன் கைகோத்து, முட்டையைச் சூழ்ந்த தீக்கா செல்களை ஆண்ட்ரோஜன் எனும் ஆண்தன்மை ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரலில், அந்த ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்து, கட்டற்ற டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தில் பெருகும்படி செய்கிறது. அளவோடு இருக்கையில் முட்டை முதிர்வதற்குத் துணைநிற்கும் இன்சுலின், அளவு கடந்தால் அந்த முதிர்ச்சியையே பாதி வழியில் நிறுத்திவிடுகிறது.

செய்தி திரியும் இடம்

உடற்பருமனில் நிகழ்வது இதுதான். உண்ட பின் உயர வேண்டிய பி.ஒய்.ஒய்.யும் ஜி.எல்.பி.-1உம் பருத்த உடலில் போதிய அளவு உயர்வதில்லை. கிரெலினோ பொதுவில் தாழ்ந்திருந்தும், உண்ட பின் விழவேண்டிய வீழ்ச்சி அதில் காணப்படுவதில்லை. ஆகவே வயிறு நிறைந்தும் நிறைந்த செய்தி மூளையை எட்டுவதில்லை. கொழுப்பு மலிந்து லெப்டின் பெருகியும் மூளை அதற்குச் செவிகொடுப்பதில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் இன்கிரெட்டின்களின் பலன் மேலும் குன்றுகிறது. 1986இல் ஜெர்மனியில் மைக்கேல் நௌக்கும் அவருடைய சகாக்களும் காட்டியபடி, இந்நோயாளிகளில் வாய்வழிச் சர்க்கரைக்கும் இரத்தவழிச் சர்க்கரைக்கும் இடையே இன்சுலின் சுரப்பில் இருக்கவேண்டிய வேற்றுமை பெரிதும் மறைந்துவிடுகிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு இணங்காமற்போக, அதை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க, அந்த வெள்ளம் சினைப்பையைத் தாக்குகிறது. தசை இணங்க மறுத்த அதே இன்சுலினுக்குச் சினைப்பை இணங்கியே இருப்பதுதான் இந்நோயின் கொடுமை.

இவை ஒன்றுசேர்ந்து தோன்றும் இடம், நம் பெண்கள் நீர்க்கட்டி என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ். 1935இல் சிகாகோவில் இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவந்தாலும் மாதவிடாய் நின்ற ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது, சினைப்பையின் உருவத்தையே நோயின் மூலமாகக் கருதினர். 1980இல்தான் இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் ஒருசேர உயர்ந்திருப்பது கவனிக்கப்பட்டது. உண்மையில் சினைப்பையில் தெரியும் அந்தக் கட்டிகள் நீர்க்கட்டிகளே அல்ல. முதிரத் தொடங்கி முடிவுறாமல் நின்றுபோன முட்டைப்பைகளே அவை. பி.சி.ஓ.எஸ். இல்லாத பெண்களையும் பருமன் விட்டுவைப்பதில்லை: மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்களிடையே ஹாலந்தில் நடந்து 2008இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, உடல் நிறை குறியீடு 29க்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைவதாகக் காட்டியது.

முதல் வகை நீரிழிவின் கதை வேறு. 1921இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, இந்நோயுற்ற பெண்கள் தாய்மை அடைவது அபூர்வம். இன்சுலினே இல்லாத உடல் நிரந்தரமான பட்டினியில் இருப்பதாகவே மூளை கொள்கிறது. இன்சுலின் சிகிச்சை அந்த வாசலைத் திறந்துவிட்டது. எனினும் பருவமெய்துதல் தாமதிப்பதும் மாதவிடாய் ஒழுங்கு தவறுவதும் இவர்களிடையே இன்றும் அதிகம். பற்றாக்குறையும் மிகுதியும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

இந்திய நாட்டுக்கு இவ்விஷயம் தனிப்பட்ட முக்கியத்துவம் உடையது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவுடனும், 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் முன்நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. தெற்காசியரிடம் பார்வைக்கு மெலிந்த உடலிலும் வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் மறைந்திருப்பதால், ஐரோப்பியருக்கு வகுத்த எடை அளவுகள் நமக்கு ஒவ்வா. உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். ஒல்லியாகத்தானே இருக்கிறாள் என்று சொல்லி மாதவிடாய்க் கோளாறுடைய ஒரு பெண்ணின் சர்க்கரையைப் பார்க்காமல் விடுவது, பருமன் என்று சொல்லி இன்னொருத்தியைப் பழிப்பதற்குச் சற்றும் குறையாத பிழை.

சிகிச்சை கற்பிக்கும் பாடம்

திரிந்த செய்தியைத் திருத்தினால் கருவளம் மீளுமா என்பதே இனி எழும் வினா. இதற்குப் பலமான சாட்சியம், எடை குறைப்பதற்காகச் செய்யும் இரைப்பை அறுவைச் சிகிச்சையிலிருந்து கிடைக்கிறது. இச்சிகிச்சைக்குப் பின் உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைந்து அடைவதால் ஜி.எல்.பி.-1உம் பி.ஒய்.ஒய்.யும் பன்மடங்கு உயர்கின்றன. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் முறையில் கிரெலினும் வீழ்கிறது. பி.சி.ஓ.எஸ்.ஸும் பருமனும் உடைய 80 பெண்களை இரு பிரிவாக்கி இங்கிலாந்தில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஓராண்டில் முட்டை வெளிவந்த தடவைகள், மருந்தும் அறிவுரையும் மட்டும் பெற்றவர்களைப் போல் இரண்டரை மடங்காக இருந்தன.

மருந்துகளின் சாட்சியமும் இதே திசையைக் காட்டுகிறது. ஜி.எல்.பி.-1 இரத்தத்தில் இரண்டொரு நிமிஷங்களிலேயே சிதைந்துவிடுவதால் அதை அப்படியே மருந்தாக்க இயலவில்லை. அமெரிக்கப் பாலைநிலத்து ஹீலா பல்லியின் விஷத்தில் அதை ஒத்ததும் எளிதில் சிதையாததுமான ஒரு பொருளை ஜான் எங் 1992இல் கண்டறிந்தார். அதன் வழிவந்த எக்ஸெனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லிராகுளுடைட், செமாகுளுடைட், இரண்டு இன்கிரெட்டின்களின் வேலையையும் ஒருங்கே செய்யும் டிர்செபடைட் ஆகியவை தொடர்ந்து வந்தன. பருமனும் பி.சி.ஓ.எஸ்.ஸும் உடைய 60 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை மட்டும் கொண்டவர்களில் முட்டை வெளிவரும் விகிதம் 29 சதவீதமாகவும், எக்ஸெனடைட் மட்டும் கொண்டவர்களில் 50 சதவீதமாகவும், இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்களில் 86 சதவீதமாகவும் இருந்தது. இந்த ஆராய்ச்சிகள் சிறியவை. பெரியவை வந்து இவற்றை உறுதிசெய்யும்வரை அளவுக்கு மிஞ்சி நம்பிவிடலாகாது.

எடையைக் குறைப்பது ஒன்றே போதும் என்ற எளிய முடிவுக்கும் இடமில்லை. ஹாலந்தில் நடந்து 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், கருத்தரிப்புச் சிகிச்சையை நாடிவந்த பருமனுடைய 577 பெண்களில் ஒரு பிரிவினரை முதலில் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சி ஒழுங்கில் ஈடுபடுத்தினார்கள். மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சையை உடனே தொடங்கினார்கள். முதற்பிரிவில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். எனினும் இரண்டாண்டு முடிவில், மாதம் நிறைந்து இயல்பான பிரசவத்தில் ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்களின் விகிதம் அப்பிரிவில் உயரவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதுடைய பெண்ணை, எடையைக் குறைத்துக்கொண்டு பிறகு வா என்று திருப்பியனுப்புகையில், அவள் இழப்பது முட்டையின் இளமையையும் சேர்த்துத்தான் என்பதை வைத்தியர் மறந்துவிடலாகாது.

பொறுப்பு

மீண்டுவரும் கருவளம் ஆயத்தமில்லாத வேளையிலும் வந்துவிடலாம். ஆண்டுக்கணக்காகக் கருத்தரிக்காத ஒரு பெண், சர்க்கரைக்கோ எடைக்கோ ஜி.எல்.பி.-1 வகை மருந்தைத் தொடங்கிய சில மாதங்களில் எதிர்பாராமல் கருவுறுவது இன்று அடிக்கடி கேள்விப்படும் செய்தி. இம்மருந்துகள் மிருகங்களில் கருவின் வளர்ச்சியைக் குன்றச் செய்தன. ஆறு நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் இவற்றை அறியாமல் எடுத்துக்கொண்ட நீரிழிவுத் தாய்மாரின் குழந்தைகளிடம், இன்சுலின் பெற்றவர்களின் குழந்தைகளைக் காட்டிலும் பிறவிக்குறை அதிகம் இல்லை என்று ஆறுதல் கூறினாலும், கர்ப்பத்தில் இவை தக்கவை என்று சொல்ல அது போதாது. ஆதலால் செமாகுளுடைட் எடுப்பவர்கள் கருத்தரிக்க எண்ணுவதற்கு இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும் என்பது விதி. டிர்செபடைட் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்திக் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பதால், தொடங்கும்போதும் அளவை உயர்த்தும்போதும் நான்கு வாரம் வேறு கருத்தடை முறையும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ, பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

நீரிழிவுடைய பெண்ணுக்கு இந்த முன்னேற்பாடு இரட்டிப்பு அவசியம். குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் ஆதாரமான நரம்புக்குழல் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போயிற்றென்று பல பெண்கள் உணரும் வேளைக்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்நாட்களில் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால் நேரும் தீங்கைப் பின்னால் கொடுக்கும் எந்தச் சிகிச்சையும் மாற்றாது. ஆகவே சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதும், ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வதும் கருத்தரிப்பதற்கு முன்பே நடக்க வேண்டியவை.

இவற்றிலிருந்து விளையும் கடமைகள் எளியவை. ஆனால் இன்றைய வழக்கத்துக்கு மாறானவை. சர்க்கரைக்கு மருந்து எழுதும் வைத்தியர், எதிரில் அமர்ந்திருப்பவள் இளம்பெண்ணாயின், அவளுடைய மாதவிடாயைப் பற்றியும் தாய்மை விருப்பத்தைப் பற்றியும் கேட்காமல் எழுதலாகாது. குழந்தையின்மைக்குச் சிகிச்சை செய்பவர், சர்க்கரையும் இடுப்பளவும் பாராமல் தொடங்கலாகாது. விலையுயர்ந்த இப்புதிய மருந்துகள் வசதியுள்ளவர்களின் எடைக் குறைப்பு ஆசைக்கு மட்டும் பயன்பட்டு, தேவையுள்ள ஏழைப் பெண்ணுக்கு எட்டாமற்போவதை அரசு பார்த்துக்கொண்டிருக்கலாகாது. கணவன் வீட்டாரும் பெற்றோரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு: பசியும் திருப்தியும் மாதவிடாயும் ஒருவருடைய மனவுறுதியால் மட்டும் ஆளப்படுவன அல்ல; குடலும் கொழுப்பும் கணையமும் மூளையும் கலந்து நடத்தும் ஓர் ஒழுங்கு தவறும்போது, அதன் பளு மாதாமாதம் அப்பெண்ணின்மேலேயே விழுகிறது. அவளுக்கு முறையான பரிசோதனையும் தகுந்த சிகிச்சையும் காலத்தில் கிடைக்கச் செய்வது குடும்பத்தின் கடமை. அவளைப் பழிப்பதற்கு விஞ்ஞானத்தில் யாதொரு ஆதாரமும் இல்லை.